என்னைக் கேஸில் போட்ட கதை

பதினைந்து வருஷம் நான் எண்ணெயில் கிடந்தேன். வடை கூட அவ்வளவு நேரம் கிடக்காது.

பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் மாக் மண்டினில் துண்டு நெய்து சாயம் போடும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. சாயப் பட்டறைக்கு ராப்பகலாக நீராவி வேண்டும். நீராவிக்கு பாய்லர், பாய்லருக்கு எண்ணெய். தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் இல்லை இது. தார் மாதிரி கறுப்பு, சூடு காட்டினால்தான் நகரும், சட்டையில் பட்டால் சட்டை கிழிந்தாலும் கறை போகாது. லாரி கொண்டு வந்து இறக்கும் அந்த எண்ணெய் தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பவன் நான். காலையில் ஒரு முறையும் மாலையில் ஒரு முறையும் இரும்பு ஏணியில் ஏறி, மூடியைத் திறந்து, பித்தளைக் குண்டு கட்டிய அளவு நாடாவை உள்ளே இறக்கி, தூக்கி, நனைந்த இடம் எது என்று பார்த்து எழுத வேண்டும். எல்லோருக்கும் நான் எண்ணெய்க் கிராணி, அதாவது எண்ணெய்க் கணக்கு எழுதுகிற குமாஸ்தா. தொட்டிக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு தகரக் கொட்டகை, ஒரு மேசை, ஒரு காற்றாடி. அந்தக் கொட்டகைக்கு நான்தான் ராஜா. குடிமக்கள் யாரும் கிடையாது, அவ்வளவுதான்.

எழுபதுகளில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே எண்ணெய் விலை எகிற ஆரம்பித்துவிட்டது. அரபு நாட்டில் யாரோ தும்முவார்கள், மாக் மண்டினில் எங்கள் பாய்லருக்குக் காய்ச்சல் வரும். அந்த நாட்களில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "எவ்வளவு இருக்கு?" என்பார். சொல்வேன். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் கூப்பிட்டு அதையே கேட்பார். பத்து நிமிடத்தில் எண்ணெய் குட்டியா போட்டிருக்கும்? ஆனாலும் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல்வேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். வாழ்க்கையில் வேறு யாரும் என் வாயை அப்படிப் பார்த்ததில்லை.

வெளியே இதற்கெல்லாம் மரியாதை இல்லை. "தேன் எடுத்தவன் புறங்கையை நக்காம இருப்பானா?" என்று தெரிந்தவர்கள் கண்ணடிப்பார்கள். அந்த எண்ணெயை நக்கினால் நேரே ஆஸ்பத்திரிதான் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். பதினைந்து வருஷத்தில் ஒரு பாட்டில்கூட நான் வீட்டுக்குக் கொண்டு போனதில்லை. வீட்டுக்கு வந்ததெல்லாம் சட்டைக் கறைதான்.

பினாங்குத் தீவில் டத்தோ கிராமாட் சாலைப் பக்கம் ஒரு வரிசை வீட்டில் அப்போது நாங்கள் மூன்று பேர்: அம்மா, நான், தங்கை. அப்பா முன்பே தவறிவிட்டார். அம்மா மண்ணெண்ணெய் அடுப்பில் சமைப்பாள், எண்ணெய்ச் சட்டையை இரண்டு விதமான சோப்புப் போட்டுத் துவைப்பாள். எந்தச் சட்டையில் எவ்வளவு கறை என்று பார்த்தே அன்று எத்தனை லாரி வந்தது என்று சொல்லிவிடுவாள். தங்கைக்கு பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை. எறும்புக் கால் அளவு கம்பிகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து, எதையும் தப்பவிடாத கண் அவளுக்கு. பேச்சு குறைவு. வீட்டுச் சட்டதிட்டம் அவள் கையில். முட்டை ஆளுக்கு ஒன்று என்றால் ஒன்றுதான், அண்ணன் என்பதற்காக ஒன்றரை கிடையாது.

அவளுக்கு இருபத்தெட்டு ஆகியிருந்தது. வந்த வரன்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு காரணத்தால் தட்டிப்போயின. தங்கை கல்யாணம் முடியாமல் எனக்குக் கல்யாணம் இல்லை என்று நானே ஒரு சபதம் போட்டு வைத்திருந்தேன். ஆகவே அவளுக்கு மாப்பிள்ளை தேடியதில் பாதி பாசம், பாதி சுயநலம் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில், கோயிலில் பழக்கமான ஒரு அக்கா ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வரன் கொண்டு வந்தார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"வீட்டுக் கூரையில கண்ணாடிப் பொட்டி வெச்சு, வெயில்ல தண்ணி காய வெக்கறாங்கள்ல, அந்த வேல தம்பி. சோலார்."

"வெயில விக்கிறாரா?"

"அப்படியும் சொல்லலாம்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பினாங்கில் வெயிலுக்கா பஞ்சம்? சும்மா கொட்டுகிறதை விற்க ஒரு கம்பெனி, அந்தக் கம்பெனியில் ஒரு மாப்பிள்ளை. அடுத்து காற்றை விற்பார்கள், அதற்கும் ஒருவன் வருவான் என்று அம்மாவிடம் கிண்டல் செய்தேன். அந்த ஒருவன் நானாகத்தான் இருப்பேன் என்று அப்போது தெரியாது.

பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை கறுத்து, ஒல்லியாக, மூக்கு நுனி உரிந்து உட்கார்ந்திருந்தார். அந்த மூக்கே அவர் தொழிலுக்குச் சாட்சி. நான் காலை ஆட்டிக்கொண்டு, "மழை பெஞ்சா என்ன செய்வீங்க?" என்று மடக்கினேன். அவர் யோசித்துவிட்டு, "மழை பெஞ்சா பச்சத் தண்ணிதாங்க குளிக்கணும்" என்றார். விற்கிறவன் வாயில் இப்படி ஒரு உண்மையை நான் கேட்டதே இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. என் தங்கைதான். அவள் சத்தமாகச் சிரித்து நான் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், நான் அம்மாவைப் பார்த்தேன். அப்போதே முடிவாகிவிட்டது. சீனப் புத்தாண்டுப் பெருநாள் கழித்து நாள் குறிக்க வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அந்த வாரமே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். எவ்வளவு இருக்கிறது என்று கேட்பார் என நினைத்து, எடுத்த அளவைக் கையில் எழுதிக்கொண்டு போனேன். அவர் அதைக் கேட்கவே இல்லை. இனிமேல் எண்ணெயை நம்பிக் காலம் தள்ள முடியாது, கம்பெனி கேஸுக்கு மாறுகிறது என்றார். நம் நாட்டுக் கேஸ், திரெங்கானு கடலில் கிடைக்கிறது, ஒரு காலத்தில் குழாயிலேயே இந்தப் பக்கம் வரும், அதுவரை லாரியில் வரும் கேஸைத் தொட்டியில் நிரப்பி எரிப்போம் என்றார். புகை இல்லை, கரி இல்லை என்று ஒரு பாட்டே பாடினார். கடைசியில் ஒரு கடிதத்தை நீட்டினார். என்னைக் கேஸ் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். ஆறு மாதம் பயிற்சி. அதன் பிறகு பாய்லர் அறைக்குள்ளேயே வேலை. தகரக் கொட்டகையை இடித்துவிடுவார்கள்.

எண்ணெய் என்றால் கண்ணால் பார்க்கலாம், நாடா விட்டு அளக்கலாம், விரலில் தொட்டு நல்லதா கெட்டதா என்று சொல்லலாம். கேஸ் கண்ணுக்குத் தெரியாது, கைக்கு அகப்படாது. இருக்கிறது என்று காட்டிக்கொடுக்க வேண்டுமென்றே ஒரு நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்களாம். இதை நான் எப்படி அளப்பேன்? வேலையே போய்விடும் என்று பயந்துகொண்டேதான் அன்று தீவுக்குப் பெர்ரி ஏறினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன தம்பி, மொகம் ஒரு மாதிரியா இருக்கு?"

"என்னைக் கேஸ்ல போட்டுட்டாங்கம்மா."

அம்மா கரண்டியோடு வெளியே வந்தாள். "யாரு?"

"மேனேஜர்தான். வேற யாரு?"

"நீ ஒண்ணும் சொல்லலயா?"

"என்னத்தச் சொல்றது? கடுதாசி நீட்டுனாரு, கையெழுத்துப் போட்டேன். பதினஞ்சு வருஷம் எண்ணெயில இருந்ததுக்கு இதுதான் மரியாத."

"எத்தன நாளு இழுக்கும்?"

"ஆறு மாசம்னு சொல்றாங்க. அதுக்கப்புறம் உள்ள போட்டுருவாங்க."

அம்மா அடுப்படிக்குத் திரும்பி, எனக்குக் காப்பி கலந்து கொண்டு வந்தாள். என் துக்கத்தை அவள் எவ்வளவு ஆழமாகப் புரிந்துகொண்டாள் என்று நெகிழ்ந்து போனேன்.

தமிழில் எரிகிற காற்றும் கேஸ்தான், கோர்ட்டில் நடக்கிறதும் கேஸ்தான். எழுதினாலும் ஒன்று, சொன்னாலும் ஒன்று. எங்கள் வீட்டில் அப்போது மண்ணெண்ணெய் அடுப்பு. அம்மாவைப் பொறுத்தவரை கேஸ் என்கிற சொல் போலீஸ், கோர்ட்டு வாசலைத் தாண்டி எங்கள் அடுப்படி வரைக்கும் வந்ததே கிடையாது. எண்ணெய் அளக்கிற மகனைக் கேஸில் போட்டுவிட்டார்கள், ஆறு மாதத்தில் உள்ளே போடப் போகிறார்கள் என்றால், பெற்றவள் வேறு என்ன நினைப்பாள்? இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் உறைத்தது. அன்று நான் காப்பியைக் குடித்துவிட்டு இன்னொரு காப்பி கேட்டேன்.

பயிற்சி தொடங்கியது. சொல்லிக்கொடுத்தவர் ஒரு சீனர், என் வயதுதான் இருக்கும். நான் எதைத் தொடப் போனாலும் "தெங்கோக் சாஜா" என்று கையைத் தட்டிவிடுவார். சும்மா பார்த்தால் போதும் என்று அர்த்தம். தொட்டியின் வயிற்றில் ஒரு வட்டக் கண்ணாடி, அதற்குள் ஒரு முள். முள்ளைப் பார்த்து எழுதுவதுதான் அளவு. ஏணி இல்லை, நாடா இல்லை, மூடியைத் திறக்கவே கூடாது. எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்கக் குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை கிளம்புகிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டும். பெரிய மனிதன் சோப்பு ஊதி விளையாடுகிற மாதிரி எனக்கே வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் வீட்டில் பயிற்சி என்ற வார்த்தையையே நான் எடுக்கவில்லை. முப்பத்தைந்து வயதில் நோட்டுப் புத்தகம் தூக்கிக்கொண்டு படிக்கப் போகிறேன் என்று எந்த வாயால் சொல்வது?

முதல் வாரம் முடிந்ததும் அம்மா என் சட்டைகளைத் துவைக்க எடுத்தாள். ஐந்து சட்டையிலும் ஒரு பொட்டுக் கறை இல்லை. கொல்லையில் நின்று சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மோந்துகூடப் பார்த்தாள். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேலை மிச்சமானதில் ஆனந்தக் கண்ணீர் என்று நான் எடுத்துக்கொண்டேன். மகன் வேலைக்கே போகாமல் சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு, கையில் நோட்டோடு, கோர்ட்டுக்கு அலைகிறான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது.

இரண்டாவது வாரம் ஒரு வாய்மொழிப் பரீட்சை வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் நான் அறைக்குள் முணுமுணுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அம்மா மெதுவாகக் கேட்டாள்.

"நாளைக்கு என்ன தம்பி?"

"விசாரிப்பாங்கம்மா. கேள்வி மேல கேள்வி கேப்பாங்க."

"என்ன கேப்பாங்க?"

"எங்க கசிஞ்சது, எப்பக் கசிஞ்சது, மொதல்ல யாரு பாத்தது, யாருக்குச் சொன்னே. இதுதான்."

"நீ என்ன சொல்லுவே?"

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இருக்க மாட்டேங்குது."

"அதையே சொல்லு," என்றாள் அம்மா அவசரமாக. "ஞாபகம் இல்லன்னே சொல்லிரு."

பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு இப்படி ஒரு புத்திமதியை எந்தத் தாயும் சொல்லியிருக்க மாட்டாள். நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

தங்கையும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். என் சட்டைக்கெல்லாம் இஸ்திரி போட்டு வைத்தாள். நான் கத்தினால் பதிலுக்குக் கத்தவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு நாள் மத்தியானம் என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் சோற்றுக்குக் கீழே இரண்டாவது முட்டை ஒன்று புதைந்து கிடந்தது. தவறிப்போய் வைத்துவிட்டாள் என்று நினைத்து, அவள் ஞாபகம் வருவதற்குள் அவசர அவசரமாக அதை முதலில் தின்றேன். மறுநாளும் இரண்டு. அதற்கு மறுநாளும் இரண்டு. ஒரு நாள் காலையில் பஸ்ஸுக்கு நடக்கும்போது கேட்டாள்.

"அண்ணே, உங்களுக்குப் பயமா இருக்கா?"

"இல்லாமயா? ஒரு சின்னப் பொறி போதும்லா, எல்லாம் முடிஞ்சிரும்."

அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள். சாலையில் தூசி என்று நினைத்தேன். என் சோப்பு நுரை வேலை எனக்குப் பெரிதாக இருந்ததால், என் வீட்டில் நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை.

சீனப் பெருநாள் வந்தது, பட்டாசு வெடித்து ஓய்ந்தது, ஆரஞ்சுப் பழமெல்லாம் தீர்ந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு ஆளும் வரவில்லை. கோயில் அக்காவைக் கேட்டால், "நல்ல நாளு அமையலன்னு சொல்றாங்க தம்பி" என்றார். அம்மாவைக் கேட்டால், "இப்ப வேணாம் தம்பி, எல்லாம் முடியட்டும்" என்று கண் கலங்கினாள். தங்கையைக் கேட்கவே தேவையில்லை. அந்தக் கதவுக்குப் பின்னால் கேட்ட சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. வேலை விட்டு வந்தால் பாத்திரம் தேய்ப்பாள், படுப்பாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. இருபத்தெட்டு வயசு என்று யோசிக்கிறார்கள். கைநழுவப் பார்க்கிறார்கள். என் கோபம் சாதாரணக் கோபம் இல்லை. எண்ணெய் மாதிரி சூடேற நேரம் பிடிக்காது, பற்றினால் குபீர்தான். அந்த ஒரு குணத்தில் நான் எப்போதோ கேஸுக்கு மாறியிருந்தேன். ஓசி வெயிலை விற்கிறவனுக்கு என் தங்கை இளப்பமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாலிக் புலாவில் ஒரு டாக்டர் வீட்டுக் கூரையில் அவருக்கு வேலை என்று அக்காவிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டு, காலை பஸ்ஸில் ஏறினேன்.

அவரிடம் என்னென்ன பேச வேண்டும் என்று வரிவரியாக மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்தேன். பாலிக் புலாவ் பாதை மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிற பாதை. ஒவ்வொரு வளைவிலும் வயிறு ஒரு புரட்டு புரட்டும், ஒரு வரி மறந்துபோகும். இறங்கும்போது எனக்கு ஞாபகம் இருந்தது "ஏன் தம்பி" என்ற இரண்டு வார்த்தைதான்.

டாக்டர் வீட்டைச் சுற்றி ஜாதிக்காய் மரங்கள். மாப்பிள்ளை ஓட்டுக் கூரை மேல் ஒரு கறுப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "அண்ணே! வெயில்ல நிக்காதீங்கண்ணே!" என்று கத்தினார். வெயில் வியாபாரி சொல்கிற பேச்சா இது?

"எறங்கி வாங்க தம்பி. பேசணும்."

"பைப்பைப் புடிச்சிருக்கேன், விட்டா ஒழுகிரும். நீங்க ஏறி வாங்கண்ணே."

பதினைந்து வருஷம் தினமும் இரண்டு முறை ஏணி ஏறியவன் நான். ஏறினேன். ஓடு சுட்டது. சண்டை போட வந்தவன் ஒரு கையால் கூரை விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது.

"ஏன் தம்பி, நாள் குறிக்க வர்றேன்னுட்டு வரல?"

அவர் குழாயைப் பார்த்துக்கொண்டே, தயங்கித் தயங்கிச் சொன்னார். "நீங்களே கேக்கறீங்களேண்ணே... கேஸ் முடியட்டும்னுதான் இருக்கோம்."

"கேஸ் எதுக்குத் தம்பி முடியணும்?"

"முடியாம எப்படிண்ணே?"

"இப்பதான ஆரம்பிச்சிருக்கு! நம்ம பேரப் புள்ளங்க காலம் வரைக்கும் ஓடும்னு எங்க மேனேஜர் சொல்றாரு."

"பேரப் புள்ளங்க வரைக்குமா?" அவர் முகம் வெளுத்துவிட்டது. அவ்வளவு வெயிலில் வெளுக்காத முகம்.

"பின்ன? திரெங்கானுல அவ்வளவு இருக்குலா!"

"திரெங்கானுலயும் கேஸ் இருக்காண்ணே?"

"அங்கதான் தம்பி எல்லாமே! கடலுக்கு அடியில!"

அவர் ஓட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு, பைத்தியக்காரனிடம் பேசுகிற ஜாக்கிரதையோடு கேட்டார். "அண்ணே... நீங்க எந்தக் கேஸச் சொல்றீங்க?"

"எந்தக் கேஸா? எரியிற கேஸு தம்பி! அடுப்புல எரியுதே, அந்தக் கேஸு! எண்ணெய விட்டுட்டு என்னை அதுல போட்டுட்டாங்க!"

அவர் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி, ஓட்டில் தடதடவென்று உருண்டு, ஜாதிக்காய் மரத்துக்குள் விழுந்தது. பிடித்திருந்த குழாயும் விட்டுப்போய் என் மேல் பீய்ச்சி அடித்தது. வெந்நீர். வெறும் வெயிலில் காய்ந்த தண்ணீர் அப்படிச் சுடும் என்று நான் நம்பியதே இல்லை. "ஆத்தாடி!" என்று அலறினேன். அவர் சிரித்துக்கொண்டே குழாயைத் தேடிப் பிடித்து அடைத்தார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதன் பிறகுதான் கோர்ட்டு, போலீஸ், எண்ணெய்த் திருட்டு என்று ஒவ்வொன்றாக அவர் வாயிலிருந்து வந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. "யாரு உங்களுக்கு இந்தக் கதையச் சொன்னது?" என்று கேட்கும்வரை சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

"உங்க தங்கச்சிதான்," என்றார். "பெருநாளுக்கு முந்தின வாரம் கோயில்ல பாத்துச் சொன்னாங்க. எங்கண்ணனக் கேஸ்ல போட்டுட்டாங்க, அது முடியிற வரைக்கும் நான் கழுத்த நீட்ட மாட்டேன்னாங்க. அவரு உள்ள போயிட்டா அம்மாவப் பாக்க ஆளு வேணும், அவருக்குச் சோறு கொண்டு போக ஆளு வேணும், உங்களுக்கு அவசரம்னா வேற எடம் பாத்துக்குங்கன்னு சொன்னாங்க."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கல்யாணத்தை நிறுத்தியது அவர்கள் இல்லை. அவள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவசரம் இல்லன்னு சொன்னேன். வெயிலுக்குக் காத்துக்கிட்டு ஒக்காந்திருக்கறதுதான அண்ணே நம்ம பொழப்பு?"

"வீட்டுல?"

"கேஸப் பத்தி மூச்சு விடலண்ணே. நல்ல நாளு இல்லன்னு சொல்லி வெச்சிருக்கேன். நாளைக்கு நீங்க எங்க வீட்டுக்கு வந்து போகணும்ல?"

இவரைத்தான் வெயில் வியாபாரி என்று ஊரெல்லாம் கிண்டல் செய்தேன். வெட்கத்தில் எனக்கு முகம் எரிந்தது, வெந்நீரில் பாதி, இதில் பாதி. வெள்ளிக்கிழமை நாள் குறிக்க வரச் சொல்லிவிட்டு இறங்கினேன்.

வீட்டுக்கு வரும்போது மணி மூன்று. எனக்காகச் சாப்பிடாமல் இருவரும் காத்திருந்தார்கள். இலை மாதிரி பெரிய பீங்கான் தட்டில் சோறு, மீன் குழம்பு, வழக்கம்போல இரண்டு முட்டை. உட்கார்ந்தவுடன் சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை.

"காத்தா? காத்துக்கா கேஸுன்னு பேரு?"

"ஆமாம்மா."

"அப்ப சட்ட ஏன் சுத்தமா இருந்துச்சு?"

"கேஸ்ல கறை கிடையாதும்மா."

"வேலைக்குத்தான் போனியா?"

"வேலைக்குத்தாம்மா போனேன்!"

அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். உடனே அந்தக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, கேஸ் சீக்கிரம் முடியணும்னு தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் வேண்டிக்கிட்டேனே!"

"கேஸ் முடிஞ்சா என் வேலையும் முடிஞ்சிரும்மா! போய் மாத்திச் சொல்லுங்க!"

அம்மா அப்படியே எச்சில் கையோடு சாமி படத்துப் பக்கம் திரும்பி, "முருகா, நான் சொன்னது அந்தக் கேஸு. இந்தக் கேஸு நல்லா ஓடட்டும்" என்று திருத்தம் சொன்னாள். அடுத்த தைப்பூசத்தில் பால்குடமும் எடுத்தாள். எங்கள் அடுப்படிக்குக் கேஸ் வந்தபோது, சிலிண்டருக்கு மூன்று பட்டை விபூதி பூசிவிட்டுத்தான் பற்றவைக்க விட்டாள். முருகன் எந்தக் கேஸை எடுத்துக்கொண்டாரோ, இரண்டிலும் எனக்குக் குறை வைக்கவில்லை.

தங்கை மட்டும் தலை நிமிரவில்லை. குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"ஒரு வார்த்த என்கிட்ட கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா நீங்க ஒண்ணுமில்லன்னு பொய் சொல்லுவீங்க. எனக்குக் கோவம் வரும்."

"நான் திருடிட்டேன்னு நெனச்சியா?"

என்னை நேராகப் பார்த்தாள். அந்தக் கண்ணிடம் எதையும் மறைக்க முடியாது, அதுவும் எதையும் மறைக்காது. "மொத நாளு நெனச்சேன். அப்புறம், எடுத்திருந்தாலும் எடுக்காட்டியும் சோறு நான்தான் போடணும்னு தோணுச்சு. அதுக்கப்புறம் அத யோசிக்கல."

பதினைந்து வருஷம் நான் எடுத்த அளவெல்லாம் சரியான அளவு என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. இந்த வீட்டில் எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் நான் ஒருநாளும் இறக்கிப் பார்த்ததில்லை. அவள் கையை நீட்டி என் தட்டிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக்கொண்டாள்.

"என்ன இது?"

"கேஸ் இல்லன்னா முட்டையும் இல்ல. ஆளுக்கு ஒண்ணுதான்."

"வெள்ளிக்கிழமை அவங்கள நாள் குறிக்க வரச் சொல்லியிருக்கேன்," என்றேன்.

அவள் கை அப்படியே நின்றது. தலையைக் குனிந்துகொண்டாள். தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று பதறினேன். இல்லை, அன்று கதவுக்குப் பின்னால் கேட்ட அதே சிரிப்பு. சிரித்து முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, எடுத்த முட்டையை என் தட்டில் திரும்ப வைத்தாள். பிறகு தன் முட்டையையும் எடுத்து வைத்தாள்.

அன்று எனக்கு மூன்று முட்டை.